சக்களத்தியை விற்றுவிடுங்கள்

பஸ்ரா,
8 மார்ச் 1998

அபூ ஷதாவுக்கு, நம் ஷதாவின் அப்பாவுக்கு, ஸலாம்.

இந்தக் கடிதம் வெர்ஜின் கையில் வருகிறது. தெருமுனை மருந்துக்கடை வெர்ஜின்தான். மருந்து வாங்க அம்மானுக்குப் போகிறாள், அங்கிருந்து இத்தாலிக்குத் தபாலில் போட்டுவிடுவாள். யாரும் பிரித்துப் படிக்கமாட்டார்கள் என்ற தைரியத்தில் கப்பலைக் கப்பல் என்றே எழுதுகிறேன். நீங்கள் லாரி டிரைவர்கள் கையில் கொடுத்தனுப்பும் கடிதங்களில் கப்பல் ஸர்கா என்ற கைம்பெண்ணாகவே இருக்கட்டும். நீங்கள் அவள் வீட்டில் குடியிருப்பவராகவே இருங்கள். போர்க்கப்பலைப் பற்றி வெளியில் மூச்சுவிடக் கூடாது என்பது உத்தரவு. அதற்காக நாம் இருவரும் சிரித்துக்கொண்டே கண்டுபிடித்த தந்திரம் இது. இப்போது எனக்குச் சிரிப்பு வருவதில்லை. அவள் நிஜமாகவே என் சக்களத்தி ஆகிவிட்டாள்.

எட்டு வருடத்துக்கு முன், ஆறு மாதத்தில் கப்பலை ஓட்டிக்கொண்டு நம் ஷத்துல் அரபு ஆற்றுக்குள் நுழைவேன், நீ கரையில் நின்று குலவையிடு என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். நீங்கள் போன பிறகு சண்டை வந்தது, உலகமே நம் மேல் தடை போட்டது. காசு கொடுத்துச் செய்த கப்பல் அந்நியன் துறைமுகத்தில் கட்டிக்கிடக்கிறது, அதற்குக் காவலாக நீங்களும் கட்டிக்கிடக்கிறீர்கள். நடுவில் ஒரே ஒரு முறை வந்துபோனீர்கள். அப்போது ஷதா தவழ்ந்துகொண்டிருந்தாள். இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். அப்பாவை வரையச் சொன்னால் புகைப்படத்தில் உள்ள மாதிரி இடுப்புவரை மட்டும் வரைகிறாள்.

இந்த மாதம்தானே கடற்படைத் தலைமையகத்திலிருந்து அந்தக் கேள்வி வரும்? கப்பலைப் புதுப்பிப்பதா, விற்பதா? தலைமைப் பொறியாளர் நீங்கள். வருடம் தவறாமல் "புதுப்பிக்கலாம்" என்று எழுதுகிறீர்கள். அவர்களும் வருடம் தவறாமல் "அப்படியானால் காவலிரு" என்கிறார்கள். இங்கே குழாயில் வருவது உப்புத் தண்ணீர். குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் மாத்திரைக்கு வெர்ஜின் அம்மான் போய்த் திரும்ப வேண்டும். இந்த லட்சணத்தில் அந்தச் சக்களத்திக்குப் புதுக் கண்ணும் புது நகையுமா?

விற்கலாம் என்று ஒரு வரி எழுதுங்கள். கப்பல் இல்லையென்றால் காவலும் இல்லை. நீங்கள் வீட்டுக்கு வந்துவிடலாம். அப்பா போன பிறகு எனக்குப் பொறுப்பென்று இருப்பவர் முஹைசின் அண்ணன். உங்களுக்கே தெரியும், பொறுமை அவர் பரம்பரையிலேயே கிடையாது.

இக்லாஸ்

லா ஸ்பெசியா,
2 ஏப்ரல் 1998

உம்மு ஷதா,

உன் கடிதம் கிடைத்தது. உடனே பதில் சொல்லாமல் எனக்குப் பொறுக்கவில்லை. பாக்தாத் வழியாகப் பஸ்ரா போகும் ஒரு லாரி டிரைவரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். நம் பேச்சு வழக்கம்போல வீட்டுக்காரியைப் பற்றித்தான்.

ஸர்காவைக் கைகழுவச் சொல்கிறாய். உன் கோபம் நியாயம்தான். ஆனால் அவளை நீ பார்த்ததில்லை. நான் முதன்முதலில் பார்த்த அன்று எப்படி மினுங்கினாள் தெரியுமா! துறைமுகத்தில் போவோர் வருவோர் எல்லாம் நின்று பார்த்தார்கள். இப்போது வயதாகிவிட்டது. கண் மங்கல். மூட்டெல்லாம் பிடித்துக்கொள்கிறது. தினமும் காலையில் நான்தான் துடைத்துவிட்டு எண்ணெய் போட்டுவிடுகிறேன். ஒரு நாள் தவறினாலும் முனகுகிறாள்.

வைத்தியம் பார்ப்பதா, வேறு யாருக்காவது கட்டிக்கொடுத்துவிடுவதா என்று பெரியவீட்டிலிருந்து இந்த வருடமும் கேட்டிருக்கிறார்கள். புதுக் கண் வைத்தால் இன்னும் பத்து வருடம் நன்றாக இருப்பாள் என்று எனக்கு ஒரு நப்பாசை. கிழக்கே ஒரு நாட்டிலிருந்து மூன்று பேர் பெண் பார்க்கிற மாதிரி வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அவளைச் சுற்றி நடந்தார்கள், தட்டிப் பார்த்தார்கள், வாய்க்குள்கூட எட்டிப் பார்த்தார்கள். எனக்கு ரத்தம் கொதித்தது. இத்தனை வருடம் என் கையிலேயே இருந்தவளை யாரோ முன்பின் தெரியாதவன் கூட்டிக்கொண்டு போவதா? என்னை விட்டால் அவளுக்கு யார் இருக்கிறார்கள்?

இது பைத்தியக்காரத்தனம் என்று எனக்கும் தெரியும். ஆனால் உன்னையும் குழந்தையையும் விட்டு இத்தனை வருடம் நான் இருந்தது எதற்காக? அவளை ஒரு நாள் நம் ஊருக்கு, நம் வாசலுக்கு அழைத்துவந்து காட்டுவதற்காகத்தானே! அவளை இன்னொருத்தனுக்குக் கொடுத்துவிட்டு வெறும் கையோடு வந்தால், நான் இங்கே என்ன செய்தேன் என்று ஷதாவிடம் எதைச் சொல்வேன்? கொஞ்சம் பொறுத்துக்கொள்.

ஸாமில்

பஸ்ரா,
17 மே 1998

அபூ ஷதாவுக்கு,

வெர்ஜின் கிளம்பிவிட்டாள், பஸ் ஸ்டாண்டில் அவள் மூட்டை மேல் உட்கார்ந்து எழுதுகிறேன்.  நம் தலையில் இடி விழுந்துவிட்டது.

உங்கள் கடிதத்தை டிரைவர் என்னிடம் தரவில்லை. நான் வீட்டில் இல்லையென்று அஷார் சந்தையில் முஹைசின் அண்ணனிடம் கொடுத்துவிட்டான். எல்லையில் பிரித்துப் பார்ப்பதால் உறைதான் திறந்தே வருமே! அண்ணன் அதைத் தேநீர்க்கடையில் உட்கார்ந்து படித்திருக்கிறார். ஒரு தடவையல்ல. மூக்குக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து மறுபடியும் படித்தாராம்.

வீட்டுக்கு வந்தவர் உட்காரக்கூட இல்லை.

"யாரு இந்த ஸர்கா?"

"வீட்டுக்காரி அண்ணே. விதவை. வயசான பொம்பளை."

"வயசான பொம்பளைக்கு இவன் எதுக்குடி எண்ணெய் போட்டு விடுறான்? வீட்டு வாடகையா அது? மினுங்கினாளாம்! தவறுனா முனகுறாளாம்! இதைப் படிச்சுட்டு நான் ஊருக்குள்ள எப்படித் தலை நிமிர்ந்து நடப்பேன்?"

"அப்படி இல்ல அண்ணே..."

"எப்படி இல்ல? அவளை இங்க கூட்டிக்கிட்டு வந்து உன் வாசல்ல நிறுத்தப் போறானாம், எழுதியிருக்கான் பாரு. வெக்கமில்லாம உங்கிட்டயே எழுதியிருக்கான்!"

நான் என்ன சொல்ல? அது பெண் இல்லை, கப்பல் என்று சொன்னால் அண்ணன் காதில் விழுந்தது மறுநிமிடம் சந்தை முழுக்கக் கேட்கும். போர்க்கப்பலுக்குக் கண் தெரியவில்லை, கால் வரவில்லை என்று ஒரு பொறியாளர் வெளிநாட்டிலிருந்து எழுதினார் என்று தெரிந்தால் உங்கள் கதி என்ன? மெல்லவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை.  நான் மறுத்துப் பேசாததைப் பார்த்து அண்ணி வேறு அழ ஆரம்பித்துவிட்டாள். எனக்கு எல்லாம் தெரிந்திருந்தும் மறைத்துவைத்திருந்தேனாம்.

அண்ணன் கெடு வைத்துவிட்டார். அக்டோபரில் பேரீச்சை இறக்கி முடிவதற்குள் நீங்கள் வந்து நிற்க வேண்டும். இல்லையென்றால் கைவிடப்பட்டவள் என்று நீதிமன்றத்தில் சொல்லி விவாகரத்து வாங்கி, மாவு வியாபாரி ஹாஜி உபைதுக்கு என்னைக் கட்டிவைப்பாராம். அந்த மனுஷன் போன மாதமே என்னைப் பார்த்து மீசையைத் தடவினான். ஷதாவைத் தன் வீட்டில் வைத்துக்கொள்கிறேன் என்கிறார் அண்ணன். "அடுத்தவன் பிள்ளைய ஹாஜி எதுக்கு வளக்கணும்?" என்கிறார். ஹாஜிக்கு இப்போதே வக்காலத்து.

பொறுத்துக்கொள் என்றீர்கள். பொறுத்தது போதும். உங்கள் நப்பாசைக்கு நானும் என் மகளும் விலை கொடுக்க முடியாது. விற்கச் சொல்லி எழுதுங்கள், அல்லது கடலில் மூழ்கடியுங்கள், எதையாவது செய்துவிட்டு வாருங்கள். பதிலை வெர்ஜினின் தங்கை வீட்டுக்கு, அம்மானுக்கு அனுப்புங்கள். வெர்ஜின் திரும்பும்போது மருந்துப் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்துவிடுவாள். இனி டிரைவர் கையில் எதையும் தராதீர்கள்.

இக்லாஸ்

லா ஸ்பெசியா,
11 ஜூன் 1998

என் இக்லாஸ்,

இது மருந்துப் பெட்டியில் வரும் கடிதம் என்பதால் உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன். விற்கலாம் என்று எழுதி அனுப்பிவிட்டேன்.

முஹைசின் அண்ணனைக் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை. என் கடிதத்தை நானே இன்னொருவன் கண்ணால் படித்துப் பார்த்தேன். நானாக இருந்தாலும் அரிவாளைத்தான் தேடியிருப்பேன்.

உன் கடிதம் வந்த அன்று கப்பலின் அடிவயிறு வரை இறங்கிப் போனேன். கேபிள்கள் தொட்டால் பொடியாக உதிர்கின்றன. ரேடார் செய்த கம்பெனி இப்போது இல்லை. ஏவுகணைகளுக்கு நாள் கடந்துவிட்டது. புதுக் கண் வைக்க வேண்டுமென்றால் உடம்பையே பிரித்துப் போட வேண்டும், பிரித்ததைச் சேர்க்க இங்கே யாரும் கைவைக்கக் கூடாதென்று தடை. எல்லாம் முடிந்தாலும் நம் ஆற்றின் வாயில் சண்டையில் மூழ்கிய கப்பல்கள் அடைத்துக்கொண்டு கிடக்கின்றன. வாசல் இல்லாத வீட்டுக்குப் பல்லக்கு எதற்கு? அந்தக் கிழக்கத்திக்காரர்கள் வந்தபோதே விலை கேட்டுப் பார்த்திருக்கலாம். எஞ்சின் இன்னும் உயிரோடு இருக்கிறது. அடுத்த வருடம் அதுவும் இருக்காது. பிறகு பழைய இரும்பு விலைக்குத்தான் போகும். இதெல்லாம் எனக்கு இரண்டு மூன்று வருடங்களாகவே தெரியும். புதுப்பிக்கலாம் என்று எழுதியது கப்பலுக்காக இல்லை, அதை ஓட்டிக்கொண்டு உன் முன்னால் வந்து நிற்க வேண்டும் என்ற வீம்புக்காக.

எங்கள் கப்பலின் கேப்டன் ஹிக்மத் என் அறிக்கையைப் படித்துவிட்டுக் கதவைச் சாத்தினார்.

"ஸாமில், உனக்கென்ன பைத்தியமா? விற்கறதுங்கற வார்த்தையை அங்க யாரும் வாயாலகூடச் சொல்லமாட்டாங்க. கேள்வியில இருக்கேன்னு பதில்லயும் எழுதிடலாமா?"

"கேட்டாங்க, சொன்னேன் கேப்டன்."

"அவங்க கேக்கறது பதிலுக்காக இல்லப்பா. யாரு அந்த வார்த்தையை எழுதறான்னு பாக்கறதுக்கு! புதுப்பிக்கலாம்னா தேசபக்தன். விற்கலாம்னா, யாருக்கு விற்கலாம், உனக்கு அதுல என்னன்னு கேப்பாங்க."

"அதுக்காகக் கப்பல் இங்கயே மக்கிப் போகணுமா?"

"மக்கட்டும். நம்ம தலை கழுத்துல இருக்கும். இந்தக் கப்பல் இருக்கிற வரைக்கும் நமக்குக் கடற்படைன்னு ஒண்ணு இருக்குன்னு அவங்க நம்பிக்கலாம். அதையும் பிடுங்கறியே!"

அவர் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். என் ஒருவன் கையெழுத்தோடுதான் போயிருக்கிறது. அன்றிலிருந்து, இங்கே காவலிருக்கும் மற்ற ஐந்து பேரும் என்னோடு ஒரே மேஜையில் சாப்பிடுவதில்லை. ரொட்டியைக்கூடத் தள்ளி வைக்கிறார்கள்.

இருக்கட்டும். மனம் லேசாகிவிட்டது. கேப்டன் பயந்த சுபாவம். பேரீச்சைக்குள் வந்துவிடுவேன், அண்ணன் எதிரில் நின்று அடி வாங்கிக்கொள்கிறேன். ஷதாவுக்குக் காலணி அளவு என்ன? காகிதத்தில் காலை வைத்து வரைந்து அனுப்பு.

ஸாமில்

பஸ்ரா,
20 ஆகஸ்ட் 1998

என் உயிரே,

வராதீர்கள்.

முதலில் அதை எழுதிவிட்டேன். மற்றதை இனிச் சொல்கிறேன். கேப்டன் பயந்த சுபாவம் இல்லை, நாம்தான் மடையர்கள். நான்தான். என் வாயால்தானே விற்கச் சொன்னேன்.

போன வாரம் பாக்தாதிலிருந்து உளவுத்துறை ஆட்கள் இரண்டு பேர் வந்தார்கள். நல்ல மரியாதை. தேநீர் வேண்டாம் என்றார்கள். கப்பலுக்குப் புதுக் குழு அனுப்பப் போகிறார்களாம், வருடக் கடைசியில், இவர்களே போய் உங்களைக் கையோடு அழைத்துவருவார்களாம். "சந்தோஷம்தானேம்மா?" என்று கேட்டான் ஒருவன். அவன் சிரித்த சிரிப்பில், அந்தப் பயணம் நம் வீட்டில் முடியாது என்று புரிந்தது. பிறகு கேட்டான்:

"விற்கச் சொல்றவருக்கு வாங்கறவரைத் தெரியாமயா இருக்கும்? உங்களுக்கு எழுதியிருப்பாரே, யாரு அது?"

நான் வாய் திறப்பதற்குள் முஹைசின் அண்ணன் உள்ளே வந்துவிட்டார். யாரோ அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள்.

"என்னத்தை விக்கறான், என்னத்தை வாங்கறான்? அந்த நாய் ஒரு கைம்பெண் வீட்ல விழுந்து கெடக்குதுங்க! என் தங்கச்சிய நடுத்தெருவுல விட்டுட்டான்!"

உங்கள் ஏப்ரல் கடிதத்தைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து நீட்டினார். வழக்குக்காகப் பத்திரமாக வைத்திருந்தாராம். அவர்கள் படித்தார்கள். எண்ணெய் போடுகிற இடம் வந்ததும் ஒருவன் மற்றவனை இடித்தான். இருவரும் சிரித்துவிட்டார்கள். "இதுக்குத்தானா? அங்கயே தங்கறதுக்குக் கப்பலை ஒழிச்சுக்கட்டப் பார்க்கறான்! வேலை போயிட்டா வீட்டுக்காரி மடியிலேயே கிடக்கலாமில்ல?" என்றான். அப்போது நான் அழுதேன். அது நடிப்பில்லை. ஆனால் அழுதுகொண்டே யோசித்தேன். ஸர்கா பெண்ணாக இருக்கும்வரை நீங்கள் வெறும் சபலக்காரர். ஸர்கா கப்பலாகிவிட்டால் நீங்கள் துரோகி, நான் துரோகியின் மனைவி, ஷதா துரோகியின் மகள். அப்படி ஒரு குடும்பத்துக்கு என்ன ஆனது என்று நம் பக்கத்துத் தெருவிலேயே பார்த்திருக்கிறோம். அந்த வீட்டு வாசலில் இப்போது யாரும் செருப்பைக்கூடக் கழற்றுவதில்லை.

"ஆமாம், அவளைத்தான் கட்டிக்கிட்டார்" என்று சொல்லிவிட்டேன்.

அண்ணன் ஆறுதலாக என் தலையில் கைவைத்தார். அவர் மனதறிந்து ஒரு பொய்யும் சொல்லவில்லை, அதனால்தான் அவர்கள் நம்பினார்கள்.

இனி நடக்க வேண்டியதைக் கேளுங்கள். நான் விவாகரத்து கேட்டு எழுதுவேன். அந்தக் கடிதம் டிரைவர் வழியாக, அவர்கள் கண்ணில் பட்டு வரும். அதில் உங்களை நீ என்று எழுதியிருப்பேன். திட்டியிருப்பேன். ஒரு வரியையும் நம்பாதீர்கள். அது கைக்கு வந்த அன்றே கப்பலை விட்டு இறங்கி எங்காவது போய்விடுங்கள். வேறு ஊரிலிருந்து, டிரைவர் வழியாகவே, சம்மதம் என்று பதில் எழுதுங்கள். நீங்கள் ஸர்காவோடு சந்தோஷமாக இருப்பதாக எழுதுங்கள். அவர்கள் படித்துச் சிரிக்க வேண்டும். சிரித்தால் எங்களை விட்டுவிடுவார்கள்.

வெர்ஜின் இந்த முறை போனால் திரும்பமாட்டாள். தங்கையோடு ஆஸ்திரேலியா போகிறாள். அதனால் நான் உங்களுக்கு உண்மையாக எழுதும் கடைசிக் கடிதம் இது. என்ன எழுதுவதென்று தெரியவில்லை. ஹாஜி உபைதைக் கட்டிக்கொள்ளமாட்டேன் என்று அண்ணனிடம் சொல்லியிருக்கிறேன், மறுத்துக்கொண்டே இருப்பேன், எத்தனை நாளைக்கு முடியுமோ. எனக்கு நீங்கள் வேண்டும். கப்பலோடு வந்தாலும் சரி, வெறும் கையோடு வந்தாலும் சரி, நீங்கள் மட்டும்தான் வேண்டியிருந்தது. அதை முன்பே இப்படி எழுதியிருக்கலாம், சண்டை போட்டே தாளையெல்லாம் தீர்த்துவிட்டேன்.

உங்கள் இக்லாஸ்

பஸ்ரா,
14 செப்டம்பர் 1998

ஸாமிலுக்கு,

நீ எழுதிய கடிதத்தை என் அண்ணன் படித்தார், பெரியவர்கள் படித்தார்கள். உன் ஸர்காவைப் பற்றி ஊருக்கே தெரியும். வெட்கமில்லாதவனே, பெற்ற பிள்ளையை விட்டுவிட்டு ஒரு கைம்பெண்ணின் காலைப் பிடித்துக்கொண்டு கிடக்கிறாய்.

எனக்கு விவாகரத்து வேண்டும். நீதிமன்றத்துக்கு உன் சம்மதத்தை எழுதி அனுப்பு. அந்தக் கிழவியைப் புதுப்பித்துக்கொள், விற்றுக்கொள், உன் பாடு. இந்த ஊர்ப் பக்கம் வராதே. வந்தால் என் அண்ணன் உன்னை உயிரோடு விடமாட்டார், நானும் தடுக்கமாட்டேன்.

உன் மகளுக்கு அப்பா இல்லை.

இக்லாஸ்

ஜெனோவா,
3 நவம்பர் 1998

இக்லாஸ் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. தாங்கள் கேள்விப்பட்டது அனைத்தும் உண்மை. ஸர்காவை நான் மணந்துகொண்டேன். விவாகரத்துக்கு முழு மனதோடு சம்மதிக்கிறேன். நீதிமன்றத்துக்கான தாள் இத்துடன் இருக்கிறது.

நானும் ஸர்காவும் ஊர் மாறிவிட்டோம். இத்தனை வருடம் ஒரே இடத்தில் கிடந்தவள், நகரவே மாட்டாள் என்றுதான் நினைத்தேன். நான் கூப்பிட்டதும் வந்துவிட்டாள். அவளுக்கு வைத்தியம் பார்த்தாகிவிட்டது. கண் நன்றாகத் தெரிகிறது, நன்றாக நடக்கிறாள், மாலையில் இருவரும் கடற்கரையில் உலாவப் போகிறோம். நான் மிகவும் சந்தோஷமாக இருக்கிறேன். இதைப் படிக்கிற எல்லோருக்கும் அதைத் தெரியப்படுத்தவும். அங்கே திரும்பி வரும் எண்ணம் எனக்கு இல்லை.

முஹைசின் அண்ணன் என்னைப் பற்றிச் சொன்னது சரி என்று அவரிடம் சொல்லவும்.

மகளைப் பற்றி நான் எதுவும் கேட்கவில்லை. கேட்டதாக அவளிடம் சொல்ல வேண்டாம்.

ஸாமில்